தொலைந்த பொருள் பதிவேடு

ஜனவரி 8

அக்காவுக்கு,

இங்கே நான் சௌக்கியம். இருமல் போய்விட்டது, அம்மாவிடம் சொல். மருத்துவமனையில் துணி மடித்து மடித்து அவளுக்கு வரும் தோள்வலி இப்போது எப்படி? உனக்குத் தூக்கம் வருகிறதா?

போனில் கேட்டால் "ம், ம்" என்கிறாய். பக்கத்தில் யாரோ நிற்பது அந்த "ம்"மிலேயே தெரிகிறது. போலீஸ் பயிற்சி முகாமில் உன் போனைப் பிடுங்கி வைத்திருந்த ஒன்பது மாதமும் நாம் கடிதத்தில்தான் சண்டை போட்டோம். அதையே திரும்ப ஆரம்பிக்கிறேன்.

நல்ல செய்தி. எங்கள் ஆய்வு நிறுவனத்தின் அறிக்கையைக் காவல்துறை ஏற்றுக்கொண்டுவிட்டது. எந்தத் தெருவுக்கு எத்தனை ரோந்து வேண்டும் என்ற அத்தியாயம் முழுக்க நான் எழுதியது. அறுபத்து மூன்று நிலையங்களின் குற்றக் கணக்கை வரைபடத்தில் ஏற்றினேன். குற்றம் நடந்த இடம் சிவப்பு, நடக்காத இடம் வெள்ளை. இருப்பதிலேயே சிறந்த நிலையம் எது தெரியுமா? உன்னுடையது. பறிப்பு வழக்கு இரண்டு வருடம் முன்பு 212. போன வருடம் 41. மருத்துவமனைப் பின்வாசல் தெருவெல்லாம் தும்பைப்பூ மாதிரி வெள்ளை. அங்கே நடை ரோந்து போகும் இரண்டு பேரை வணிக வளாகத்துக்கு மாற்றலாம் என்று எழுதியிருக்கிறேன்.

என் ஆய்வுப் பட்டத்துக்கு வழிகாட்டும் பேராசிரியர் உன் நிலையத்தைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை கேட்கிறார். புகார் மேசையில் பதினோரு வருடமாக உட்கார்ந்திருப்பவள் நீ. எப்படிச் சாதித்தீர்கள் என்று எழுது. உன் பெயர் வராது.

உன் தம்பி


பிப்ரவரி 2

தம்பிக்கு,

தாமதத்துக்கு மன்னிப்பெல்லாம் கேட்கமாட்டேன், நேரமில்லை. நான் நன்றாக இருக்கிறேன். அம்மா பத்தொன்பதாம் தேதி தவறி விழுந்துவிட்டாள். வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு, கட்டுப் போட்டிருக்கிறார்கள். பயப்படாதே, கிளம்பியும் வராதே. இடது கையால் சாப்பிடவும் என்னைத் திட்டும்போது விரலை ஆட்டவும் பழகிவிட்டாள். ஆறு வாரம் விடுப்பு. எழுத முடியாது, அதனால் அவளிடமிருந்து கடிதம் எதிர்பார்க்காதே.

எங்கள் இன்ஸ்பெக்டரைப் பற்றி எழுதினேனா? சுவரில் பெரிய பலகை. ஒவ்வொரு குற்றத்துக்கும் ஒரு கட்டம். எண்ணிக்கை குறைந்தால் பச்சை, கூடினால் சிவப்பு. திங்கட்கிழமைக் கூட்டத்தில் பச்சை என்றால் எல்லோருக்கும் டீ. சிவப்பு என்றால் ஒரு மணி நேரம் நின்றபடியே வசவு. வண்டி ஓட்டுநர் அவருக்குப் "பச்சை" என்றே பெயர் வைத்துவிட்டார். "ஐயா தக்காளியைக்கூடக் காயாத்தான் வாங்குவாராம், சிவந்தா மனசு தாங்காதாம்" என்கிறார்.

எப்படிச் சாதித்தீர்கள் என்று கேட்டிருந்தாய். வேலை செய்கிறோம், வேறென்ன.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

அக்கா


பிப்ரவரி 12

அக்காவுக்கு,

அம்மா எங்கே விழுந்தாள்? குளியலறையிலா, படியிலா? நீ எழுதவில்லை. எலும்பு சேர்ந்துவிட்டதா என்று படம் எடுத்துப் பார்த்தார்களா? எனக்கு இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லை, தலைதான் கொதிக்கிறது.

மக்களுக்குப் போலீஸ் மேல் எவ்வளவு நம்பிக்கை இருக்கிறது என்று இன்னொரு குழு வீடு வீடாகக் கேட்டு வருகிறது. மருத்துவமனைப் பின்வாசல் தெருவில் நாற்பது வீடு. போன வருடம் உங்களிடமிருந்து யாராவது எதையாவது பறித்தார்களா என்ற கேள்விக்குப் பதினேழு வீட்டில் ஆமாம். அதில் பதினான்கு பேர் நிலையத்துக்கு வந்தார்களாம். உங்கள் குற்றப் பதிவேட்டில் அந்தத் தெருவுக்கு ஒரு வரிகூட இல்லை.

ஒரு தையல்காரம்மாவின் பேச்சை ஒலிப்பதிவில் கேட்டேன்.

"புகார் குடுத்தீங்களா?"

"குடுக்கப் போனேன்."

"எழுதிக்கிட்டாங்களா?"

"எழுதினாங்க. நான் சொன்னதை இல்ல."

இதை நாலு தடவை போட்டுக் கேட்டேன். பேராசிரியரோ, ஜனங்கள் எல்லாவற்றையும் பெரிதாக்கித்தான் ஞாபகம் வைத்துக்கொள்வார்கள் என்கிறார். இருக்கலாம். ஆனால் எங்களுக்குக் குற்றப் பதிவேடு மட்டும்தான் வருகிறது. உங்களிடம் தொலைந்த பொருள் பதிவேடு என்று ஒன்று இருக்கிறதே, அது வருவதில்லை. தொலைப்பது குற்றமில்லையே. போன வருடம் அதில் எத்தனை வரி எழுதினாய்? எண் மட்டும் போதும்.

தம்பி


மார்ச் 3

அறிவாளித் தம்பிக்கு,

அம்மாவுக்குக் கட்டுப் பிரிக்க இன்னும் நாளாகும். எனக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை.

போன வருடம் 348. போதுமா?

வேலையைச் சொல்கிறேன், கேட்டுக்கொள். ஓர் ஆள் மேசைக்கு வருகிறார். "போனைப் பறிச்சிட்டாங்க" என்கிறார். நான் கேட்க வேண்டிய முதல் கேள்வி, முகத்தைப் பார்த்தீர்களா என்பது. பைக்கில் வந்து பின்னாலிருந்து இழுத்தவன் முகத்தை எவன் பார்த்தான்? பார்க்கவில்லை. வண்டி எண்? தெரியாது. சாட்சி? இல்லை. "அப்ப யாரு எடுத்தாங்கன்னு உங்களுக்கே தெரியாது. தொலைஞ்சதுன்னு எழுதினா இப்பவே சான்று தரேன், புது சிம் வாங்கிக்கலாம். பறிப்புன்னு எழுதினா வழக்கு, கோர்ட்டு, வாய்தான்னு அலையணும். எது வசதி?" என்று கேட்பேன். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் சான்றை வாங்கிக்கொண்டு, எனக்கு நன்றியும் சொல்லிவிட்டுப் போவார்கள். இது பொய்யா? அவர்களே கையெழுத்துப் போடுகிறார்கள்.

இந்தக் கேள்விகளை நான் கண்டுபிடிக்கவில்லை. பச்சைக்கு முன்னால் இருந்தவரும் இதையேதான் கேட்கச் சொன்னார். பறிப்பு என்று நான் எழுதினால் திங்கட்கிழமை எட்டுப் பேர் என்னோடு சேர்ந்து நிற்க வேண்டும். அதில் ஒருத்தி ஏழு மாதக் கர்ப்பிணி. நீ சுழல் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு வெள்ளை, சிவப்பு என்று வண்ணம் அடி. வாசலில் வந்து நின்று அழுகிறவர்கள் முகத்தைப் பார்ப்பது நான்.

அக்கா


மார்ச் 9

அக்காவுக்கு,

உடம்பைப் பற்றியெல்லாம் அப்புறம் எழுதுகிறேன்.

348. போன வருடம் குறைந்ததாக நாங்கள் கைதட்டிய பறிப்புகள் 171. எங்கே போயின என்று இப்போது தெரிகிறது. உன் அலமாரியில் இருக்கின்றன. சான்று வாங்கிக்கொண்டு நன்றி சொன்னார்கள் என்கிறாயே, அது நன்றி இல்லை அக்கா. இனிமேல் இந்தப் பக்கம் வரமாட்டேன் என்பதைத்தான் மரியாதையாகச் சொல்லியிருக்கிறார்கள். அந்தத் தெருவில் நம்பிக்கை மதிப்பெண் பத்துக்கு ஒன்று. எங்கள் கேள்வித்தாளில் அதற்குக் கீழே கட்டமே இல்லை.

ஒரே தெருவில் ஒரே மாதிரி பதினேழு பறிப்பு என்றால் ஒரே ஆட்கள் திரும்பத் திரும்ப வருகிறார்கள் என்று அர்த்தம். ஒரு வழக்கு பதிந்திருந்தால் தேடியிருப்பார்கள். யாரையும் தேடவில்லை, ஏனென்றால் பதிவேட்டின்படி எதுவும் நடக்கவில்லை. உன் கையெழுத்து அழகாக இருக்கும் என்று பள்ளிக்கூடத்தில் பரிசெல்லாம் கொடுத்தார்கள். அந்தக் கையால் ஒரு தெருவையே ஏமாற்றியிருக்கிறாய். உனக்கு உறுத்தவே இல்லையா?

தம்பி


மார்ச் 30

தம்பிக்கு,

உன் கடிதத்தை அம்மா படிக்கச் சொன்னாள். படித்தேன். "முழுசையும் எழுதிடு, பாவம், தெரியாம கத்திட்டிருக்கான்" என்றாள்.

அம்மா குளியலறையில் விழவில்லை, படியிலும் விழவில்லை. ஜனவரி 19, வேலை முடிந்து ஐந்தரை மணிக்கு மருத்துவமனைப் பின்வாசல் வழியாக வந்திருக்கிறாள். நல்ல வெளிச்சம். பைக்கில் இரண்டு பேர். பையின் பட்டி தோளில் மாட்டியிருந்ததால் பை கையோடு வரவில்லை. அம்மாவையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள், மின்கம்பத்திலிருந்து தையல்கடை வரை. பட்டி அறுந்த பிறகுதான் விட்டார்கள். பையில் மூக்குக்கண்ணாடியும் வீட்டுச் சாவியும் சாப்பாட்டு டப்பாவும் இருந்தன.

அவளோடு துணி மடிக்கும் இன்னொரு அம்மாதான் கைத்தாங்கலாக நிலையத்துக்குக் கூட்டி வந்தார். நான் மேசையில் இருந்தேன். பச்சை அறையிலிருந்து வந்தார். கெட்ட மனுஷன் இல்லை. நாற்காலி போடச் சொன்னார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார். பிறகு என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று கேட்டார்.

"அம்மா, முகத்தைப் பார்த்தீங்களா?"

"இல்லப்பா."

"அடடா" என்றார். அது வெள்ளிக்கிழமை, திங்கட்கிழமைக் கூட்டத்துக்கு இடையில் இரண்டே நாள். பலகையைத் திரும்பிப் பார்த்தார். நான் பேனாவை எடுத்தேன். "நடந்து செல்கையில் கால் இடறி விழுந்ததில் கைப்பை தொலைந்தது." அம்மாவுக்குக் கண்ணாடி இல்லை, என்ன எழுதினேன் என்று தெரியவில்லை. வலது கை தொங்கிக்கொண்டிருந்தது, கையெழுத்துப் போட முடியவில்லை. இடது கட்டை விரலைப் பிடித்து மையில் தோய்த்து வைத்தது நான்தான். ஒரு வாரம் கழித்துப் புதுக் கண்ணாடி வந்ததும் சான்றைப் படித்தாள். அன்றைக்கு மட்டும் சாப்பாடு வேண்டாம் என்றுவிட்டாள்.

இன்னொன்றும் இருக்கிறது. அந்தத் தெருவில் நடை ரோந்து போனார்களே இரண்டு பேர், அவர்களை ஜனவரி 12-ஆம் தேதி வணிக வளாகத்துக்கு மாற்றினார்கள். உத்தரவை நானே கோப்பில் வைத்தேன். ஆய்வு நிறுவனத்தின் பரிந்துரைப்படி என்று போட்டிருந்தது. அத்தியாயம் நான்கு, பக்கம் 57.

நான் பொய் எழுதினேன். நீ அதைப் படம் வரைந்தாய்.

அக்கா


ஏப்ரல் 4

அக்கா,

பக்கம் 57-ஐ எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அம்மாவின் கையைத் தொட்டு என் சார்பில் ஏதாவது சொல். என்ன சொல்வது என்று உனக்குத் தெரியும்.

ஆனால் இதை இப்படியே விட முடியாது. நீ இனிமேல் நடந்ததை நடந்தபடி எழுது. அம்மாவின் புகாரிலிருந்து தொடங்கு. அவர்கள் உன் மேல் பாய்வார்கள், பாயட்டும். உன் வேலைக்கு என்ன ஆகும் என்று பயப்படுவாய். பயப்படாதே, நான் இருக்கிறேன். வீடு வீடாகக் கேட்ட கணக்கு முழுக்க என்னிடம் இருக்கிறது. எந்த விசாரணை வைத்தாலும் அந்த எண்களோடு வந்து உன் பக்கத்தில் நிற்பேன். என் அத்தியாயம் தப்பு என்று நானே எல்லோர் முன்னாலும் சொல்வேன். இது சத்தியம்.

தம்பி


மே 5

தம்பிக்கு,

அம்மாவுக்குக் கட்டுப் பிரித்தாயிற்று. விரல் முழுதாக மடங்கவில்லை, ஆனால் வேலைக்குப் போகிறாள். எனக்கு உடம்பில் வெயில் நிறம் ஏறியிருக்கிறது, காரணம் கீழே.

ஏப்ரல் 11 காலையில் அம்மா நிலையத்துக்கு வந்தாள். நான் கூப்பிடவில்லை. வரிசையில் நாலாவது ஆளாக நின்றாள். அவள் முறை வந்ததும் என் முன்னால் உட்கார்ந்தாள்.

"பேரு?" என்றேன்.

"தெரியாதா உனக்கு?"

"எல்லார்கிட்டயும் கேக்கணும்மா."

சொன்னாள். பச்சை எட்டிப் பார்த்தார். "அம்மா, உங்களுக்குத்தான் சான்று குடுத்தாச்சே."

"சான்று கைல இருக்குங்க ஐயா. பைதான் இல்ல. பறிச்சிட்டாங்க. இந்தப் பொண்ணு அன்னிக்கு அவசரத்துல தப்பா எழுதிடுச்சு. இன்னிக்கு ஒழுங்கா எழுதும்."

எழுதினேன். பறிப்பு, காயம், வழக்கு எண் எல்லாம் போட்டு எழுதினேன். எழுத்து கோழி கிளறின மாதிரி இருந்தது. பச்சை கதவைச் சாத்திக்கொண்டார். அடுத்து நின்றவர், "எனக்கும் அப்படியே எழுதுங்க" என்றார். அவருக்கும் எழுதினேன். செய்தி தெருவில் பரவிவிட்டது. பழைய சான்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பதினோரு நாளில் முப்பத்தொரு வழக்கு. பலகை முழுக்கச் சிவப்பு. ஓட்டுநர் பலகையைப் பார்த்து, "ஒருவழியா பழுத்துடுச்சு" என்றார். திங்கட்கிழமை எல்லோரும் நின்றோம். கர்ப்பிணிக்கு நாற்காலி போட்டேன், அதுவும் குற்றச்சாட்டில் சேர்ந்துவிட்டது.

பன்னிரண்டாம் நாள் பறிமுதல் வாகனங்கள் நிற்கும் திறந்தவெளிக்கு என்னை மாற்றினார்கள். துருப்பிடித்த வண்டிகளை எண்ணுவதுதான் இப்போது வேலை. நிழல் கிடையாது. சொந்த அம்மாவுக்காகப் பதிவேட்டைத் திரித்தேன், நிலையத்தின் பெயரைக் கெடுக்கப் பொய் வழக்குகளைப் பெருக்கினேன் என்று குறிப்பாணை. இதற்கு நடுவில் ஒரு காவலர் வீடு வீடாகப் போய், "பொருள் கிடைத்துவிட்டது, வழக்கு வேண்டாம்" என்று கையெழுத்து வாங்குகிறார். நம் வீட்டுக்கும் வந்தார். "கிடைச்சிடுச்சா? நல்லதாப் போச்சு, குடு" என்று அம்மா கையை நீட்டினாள். அந்த ஆள் தொப்பியைத் தடவிக்கொண்டே போய்விட்டார்.

விடுமுறை நாளில் நான் அந்தத் தெருவுக்குப் போய், கையெழுத்துப் போடாதீர்கள் என்று சொல்லிவிட்டு வருகிறேன். தையல்காரம்மா கதவையே திறக்கவில்லை. "அன்னிக்கு நீதானே என்னை விழுந்தவளா ஆக்கினே? இப்ப எதை எழுதப் போறே?" என்று உள்ளேயிருந்து கேட்டார். ஆமாம் நான்தான் என்றேன். கதவு திறக்கவில்லை.

விசாரணை மே 24, காலை பத்து மணி. நான் எழுதியவை பொய் வழக்குகள் இல்லை என்று காட்ட வேண்டும், இல்லையென்றால் வேலை போகும். அம்மா என் அம்மா என்பதால் அவள் சொல் எடுபடாது. தெருக்காரர்கள் வருவார்களா என்று தெரியாது. சாட்சிப் பட்டியலில் முதல் பெயராக உன்னுடையதை எழுதியிருக்கிறேன். எண்களை எடுத்துக்கொண்டு வா. அறிக்கையில் அத்தியாயம் நான்கு இருக்கும் வரை நான்தான் பொய்க்காரி.

அக்கா


மே 31

என் அன்பான அக்காவுக்கு,

நீ நலமாக இருக்கிறாயா? வெயிலில் நிற்கிறாயே, தலைக்குத் துணி கட்டிக்கொள்கிறாயா? நிறையத் தண்ணீர் குடி. அம்மாவின் விரல்களுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறீர்களா? ரப்பர் பந்தை அழுத்திப் பழகினால் மடங்கும் என்று இங்கே ஒரு நண்பர் சொன்னார். பந்து அனுப்புகிறேன். எனக்கு உடல்நிலை நடுவில் கொஞ்சம் சரியில்லை, இப்போது பரவாயில்லை.

மே 24 பற்றி நீ என்ன நினைப்பாய் என்று தெரியும். டிக்கெட் எடுத்து வைத்திருந்தேன் அக்கா. கிளம்ப மூன்று நாள் இருக்கும்போது பேராசிரியரிடம் சொன்னேன். கோபப்படவில்லை. உட்கார வைத்துப் பேசினார். கணக்குகளைத் துறை ஒப்பந்தத்தின் பேரில் கொடுக்கிறது, வெளியில் பேசினால் அன்றைக்கே நிறுத்திவிடும், என்னோடு இன்னும் மூன்று பேரின் பட்டம் நின்றுபோகும் என்றார். அந்த மூன்று பேரையும் எனக்குத் தெரியும். ஒருவன் என் அறையில் இருப்பவன். ஆய்வேட்டைக் கொடுத்து முடித்த பிறகு அடிக்குறிப்பாகத் திருத்தம் போடலாம் என்கிறார். அது ஒரு வழிதானே? நாம் எதிர்ப்பதே இந்த அமைப்பைத்தான். அதன் உள்ளே இருந்துகொண்டே நிதானமாக மாற்றுவதும் ஒரு போராட்டம்தான் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது.

விசாரணை என்ன ஆயிற்று? எழுதுவாய் என்று காத்திருக்கிறேன். அம்மாவை நன்றாகப் பார்த்துக்கொள். உன் உடம்பையும்.

என்றும் உன் தம்பி


ஜூன் 7

தம்பிக்கு,

பத்து மணிக்கு உன் பெயரைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டு, வரவில்லை என்று எழுதிக்கொண்டார்கள். நடந்ததைத்தான் எழுதினார்கள், குறை சொல்ல முடியாது.

பிறகு தாழ்வாரத்தில் சத்தம் கேட்டது. முப்பத்தொரு பேரில் பத்தொன்பது பேர் வந்திருந்தார்கள். யாரும் கூட்டி வரவில்லை. கதவைத் திறக்காத தையல்காரம்மா முதலில் உள்ளே வந்தார். விசாரணை அதிகாரிக்கு ஒன்றும் புரியவில்லை.

"உங்க புகாரை மாத்தி எழுதினவங்களே இவங்கதானே? இவங்களுக்காகவா வந்தீங்க?"

"இவங்களுக்காக இல்ல. என் பைக்காக."

அவ்வளவுதான் பேசினார். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் எனக்குத் தாங்கியிருக்காது. பத்தொன்பது பேரும் ஆளுக்கு இரண்டு வரி சொன்னார்கள். என் வேலை போகவில்லை. வண்டிகளை எண்ணிக்கொண்டே காலத்தை ஓட்டலாம், மேசைக்குத் திரும்ப முடியாது. முப்பத்தொரு வழக்கையும் விசாரிக்க வேண்டும் என்று உத்தரவு வந்திருக்கிறது. என் நாற்காலியில் இப்போது ஒரு புதுப் பெண். முதல் கேள்வியாக என்ன கேட்கிறாள் என்று போய் விசாரித்தேன். முகத்தைப் பார்த்தீர்களா என்றுதான் கேட்கிறாளாம்.

உன்னைக் கோழை என்று எழுதமாட்டேன். பதினோரு வருடம் அந்த மேசையில் உட்கார்ந்திருந்த எனக்கு அந்த யோக்கியதை இல்லை. திங்கட்கிழமை எட்டுப் பேர் நிற்க வேண்டும் என்று நான் சொன்னதும், மூன்று பேர் பட்டம் போகும் என்று நீ சொல்வதும் ஒரே கணக்குத்தான். நான் அந்தக் கணக்கில் முந்நூற்று நாற்பத்தெட்டாவது வரி வரைக்கும் போனேன். அதுவரை என் அம்மா வரவில்லை, அவளுக்கு இந்த வருடப் பதிவேட்டில் இடம் கிடைத்தது.

நடை ரோந்து தெருவுக்குத் திரும்பவில்லை. கேட்டால் பக்கம் 57-ஐக் காட்டுகிறார்கள். இன்னும் இரண்டு ஊர்களில் உன் அத்தியாயத்தை வைத்து ரோந்தை மாற்றப்போவதாகச் சுற்றறிக்கை வந்திருக்கிறது. அங்கேயும் வேலை முடிந்து யாராவது பையை மாட்டிக்கொண்டு நடந்து வருவார்கள்.

பந்து வந்து சேர்ந்தது. அம்மா அதைப் பிரிக்காமல் அலமாரியில் வைத்திருக்கிறாள். உனக்கு என்ன எழுதட்டும் என்று கேட்டேன். "அந்தப் பக்கத்தை எப்ப எடுக்கப்போறான்னு கேளு" என்றாள்.

நாங்கள் நலமா என்று கேட்டு அடுத்த கடிதத்தைத் தொடங்காதே. தேதியை மட்டும் எழுது.

அக்கா